மணவறைக்குப் பின்னால் ஒரு சாய்வுக் கம்பி

அன்புள்ள என் மகன் தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை நான் உறையில் போட்டு ஒட்டவில்லை. இந்த மலைமேல் திரிங்காப்பிலிருந்து கோலாலம்பூருக்கு முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு போகும் லோரிக்காரரிடம் அப்படியே மடித்துக் கொடுக்கப் போகிறேன். வழியில் டீ குடிக்க நிறுத்தும்போது அவர் படித்தாலும் எனக்குச் சம்மதம்தான். கொடுப்பதற்கு முன்னால் கோயில் வாசலில் யார் கேட்டாலும் காட்டுவேன். மகனுக்குக் கல்யாணம் வைத்திருக்கும் தாய் எழுதுகிற கடிதத்தில் ஆசீர்வாதமும் ஆனந்தக் கண்ணீரும் இருக்கும் என்று நினைத்துப் படிக்கிறவர்கள் ஏமாந்து போவார்கள். இந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபத்தில் சாப்பிடாமல் இருக்கிறேன் என்று உன் அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். கோபம் என்றால் கத்திவிட்டு மறந்திருப்பேன். இது குமட்டல். அழுகிய உருளைக்கிழங்கை மூட்டைக்குள் கைவிட்டு எடுத்தால் விரல் இடுக்கில் ஒட்டிக்கொள்ளுமே, கழுவினாலும் போகாதே, அந்த மாதிரி இருக்கிறது.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் தலைவர் என்னைக் கூப்பிட்டார். உனக்கு அவரைத் தெரியும். ஒரு காலத்தில் நம் மலைக்குக் கங்காணியாக இருந்து எங்கள் கொழுந்துக் கூடையை நிறுத்துப் பார்த்துக் குறை சொன்ன அதே மனிதர்தான். இப்போது நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு மைக்கில் பேசுகிறார். "அம்மா, கல்யாண வேலை எல்லாம் நல்லா நடக்குது லா," என்று ஆரம்பித்தார். "சம்பந்தி ஈப்போவுல மணவறை சொல்லிட்டாரு. கோபுரம் வச்ச மணவறை. லோரியில வருது. நம்ம மண்டபத்துல பின்னால குறுக்க போற கம்பிதான் இடிக்குது. வீடியோ எடுக்கிற பையனும் வந்து பார்த்துட்டான். பொண்ணு மாப்பிள்ளை தலைக்குப் பின்னால வாத்தியார் தப்புப் போட்ட மாதிரி தெரியுமாம். அதான் கழட்டிடலாம்னு பேசிட்டோம்." நான் வாயைத் திறப்பதற்குள் கையைத் தூக்கி என்னைத் தடுத்தார். அந்தக் கையை நான் பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "நீங்க என்ன சொல்வீங்கன்னு தெரியும். உங்க மகனுக்கே போன் போட்டுக் கேட்டுட்டேன். இஞ்சினியரே ஓக்கேன்னுட்டாரு."

நான் நம்பவில்லை. நேராகத் தோட்டத்து ஆபீசுக்குப் போய், கணக்கு எழுதும் கிராணியிடம் கெஞ்சி, உனக்குப் போன் போட்டேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன். காகிதத்தில் பார்த்தால்தான் அதன் அசிங்கம் தெரியும். "ஆமாம்மா, சொன்னேன். ஒரு நாள்தானே? முடிஞ்சதும் திரும்ப மாட்டிடச் சொல்லிருக்கேன். மாமா ஆசைப்படுறாரு. மொத மொதல்ல ஒன்னு கேக்குறாரு, அதையே முடியாதுன்னா நல்லாவாம்மா இருக்கும்?" நான் ரிசீவரைக் கிராணியின் மேசையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன். உன் குரல் உள்ளே "அம்மா, அம்மா" என்று கேட்டுக்கொண்டிருந்தது. வாசலில் காறித் துப்பினேன். கிராணி பார்த்தார். பார்க்கட்டும்.

உனக்கு அந்தப் பழைய மண்டபம் மங்கலாகத்தான் நினைவிருக்கும். நீ தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கிய காலம் அது. இப்போது இரும்பு மண்டபம் நிற்கும் அதே மேட்டில்தான், இரண்டு குன்றுக்கும் நடுவில், காற்று நுழைந்து வருவதற்கென்றே விட்டு வைத்த மாதிரி இருக்கும் இடத்தில், மரத்தால் கட்டியிருந்தார்கள். வரிசையாகத் தூண்கள், மேலே உத்தரம், அதற்கும் மேலே தகரம். தூணுக்கும் தூணுக்கும் நடுவே, கீழ் மூலையிலிருந்து மேல் மூலைக்குச் சாய்வாகக் கட்டைகள் அடித்திருக்கும். அந்தக் கட்டைகள் எதற்கு என்று எங்கள் யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் ஏறி விளையாடுவார்கள். பெண்கள் ஈரத்துணி போடுவார்கள். கட்டிய துரை ஊருக்குப் போய்விட்டார். போகும்போது அதைப் பற்றி யாருக்கும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

முதல் கட்டையை வெட்டியது கங்காணி மகளின் கல்யாணத்துக்கு. மணவறை உயரம், பின்னால் இருந்த கட்டை இடித்தது, அறுத்து எடுத்தார்கள். அது ரசப் பானைக்கு அடியில் விறகாகப் போனது. அடுத்த தை மாதம் இன்னொரு வீட்டுக் கல்யாணம். அவர்கள் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. "கங்காணி வீட்டுக்கு வெட்டினீங்க, எங்க வீட்டுக்கு மட்டும் கட்டை மறைக்கலாமா? நாங்க என்ன தாழ்ந்து போயிட்டோமா?" அவ்வளவுதான், ரோஷம் வந்துவிட்டது. பந்திக்குச் சோறு எடுத்து வர வழி வேண்டும் என்று ஒருவர் ஒரு கட்டையை எடுத்தார். மேளக்காரர் வசதியாக உட்கார வேண்டும் என்று ஒருவர். படம் காட்டுகிறவன் திரை கட்ட வேண்டும் என்று ஒன்று போனது. எந்தக் கல்யாண வீட்டுக்காரரும் தன் வீட்டு விசேஷத்துக்கு ஒரு கட்டையாவது எடுக்காமல் விட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கும் நிலைக்கு வந்துவிட்டது. இவ்வளவு பேர் சேர்ந்து ஒரு கட்டடத்தைக் கொன்றார்கள், ஒருவர்கூடத் தான் கொன்றதாக நினைக்கவில்லை.

மண்டபம் சும்மா இருக்கவில்லை, சொல்லிக்கொண்டுதான் இருந்தது. பெரிய காற்று அடிக்கும்போதெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, முனகி, மறுபடி நிமிரும். ஒவ்வொரு தடவையும் ஆணிகள் கொஞ்சம் இளகும். பிறகு கதவு சாத்த முடியவில்லை. நேராக இருந்த நிலைச் சட்டம் கோணிப் போயிருந்தது, அதில் நேரான கதவு எப்படிப் பொருந்தும்? அப்போது என்ன செய்தார்கள் தெரியுமா? கதவைச் சீவினார்கள். கட்டடம் கோணியதற்கு ஏற்ற மாதிரி கதவையும் கோணலாக இழைத்து, சாத்திப் பார்த்து, "இப்ப சரியா இருக்கு லா" என்று கையைத் தட்டிக்கொண்டு போனார்கள். இந்தத் தோட்டத்தில் நான் பார்த்த எத்தனையோ கேவலங்களில் அந்தக் கதவு எனக்கு மறக்கவே மறக்காது. கோணல் இங்கே இருந்தால் அதற்குத் தோதாக இன்னொன்றையும் கோணலாக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற மனிதர்கள்.

இங்கே கல்யாண மாதமும் காற்று மாதமும் ஒன்றுதான். அன்றைக்கு ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு முந்திய நாள் பிற்பகல். பெண்கள் ஒரு பத்துப் பேர் மண்டபத்துக்குள் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். உன் சின்னம்மா செல்லம்மா, என் தங்கை, எனக்கு எதிரே உட்கார்ந்து பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். அப்போது அவளுக்குக் கோலா தெர்லாவில் மாப்பிள்ளை பேசி வைத்திருந்தார்கள், காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் வீடு. அதைச் சொல்லி எல்லோரும் அவளைக் கேலி செய்துகொண்டிருந்தோம். காற்று வந்தது. மண்டபம் எப்போதும் போலச் சாய்ந்தது. நாங்கள் எப்போதும் போல அது நிமிர்வதற்காகக் காத்திருந்தோம். அது நிமிரவில்லை. தூண்கள் எல்லாம் ஒரே பக்கமாக, ஒன்றைப் பார்த்து ஒன்று படுக்கிற மாதிரி, மெதுவாகப் படுத்தன. ஓடினோம். செல்லம்மாவும் ஓடினாள், ஆனால் கையை ஊன்றி எழுந்த நேரத்தில் உத்தரம் வந்து அந்தக் கையின் மேல் விழுந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்புதான். தானா ராத்தா ஆஸ்பத்திரியில் அவளுடைய வலது கையில் கட்டை விரலையும் சுண்டு விரலையும்தான் காப்பாற்ற முடிந்தது. கொழுந்து கிள்ளுகிறவளுக்கு நடு மூன்று விரல்களும் இல்லை என்றால் என்ன மிச்சம்?

இதுவரை நடந்தது மடத்தனம். இனிமேல் நடந்ததைத்தான் நான் மன்னிக்கவே இல்லை. அப்போதைய துரை வந்து பார்த்தார், பலத்த காற்று என்றார், ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். ஊர் கூடிப் பேசியது. எத்தனையோ வருடம் நின்ற மண்டபம், பந்தக்கால் ஊன்றிய பிறகு ஏன் விழுந்தது என்று ஆராய்ந்தார்கள். யாரோ ஒருத்தி, செல்லம்மா அன்றைக்கு வீட்டுக்குத் தூரம் என்று கிளப்பிவிட்டாள். தீட்டோடு பந்தலுக்குள் வந்து காய் நறுக்கினாள், அம்மன் பொறுக்கவில்லை, மண்டபத்தைச் சாய்த்துவிட்டாள். அவ்வளவுதான், தீர்ப்பு முடிந்தது. உண்மையில் அவள் அன்றைக்கு எப்படி இருந்தாள் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. அது ஒரு கேள்வியா? கையில் பெரிய கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளைக் கோயில் முன்னால் விழுந்து மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். விழுந்தாள். ஒற்றைக் கையை ஊன்றி எழுந்திருக்க முடியாமல் அவள் மண்ணில் புரண்டதைக் கூட்டம் வேடிக்கை பார்த்தது. மஞ்சள் நீர் தெளித்தார்கள். நான் கத்தினேன். எனக்கும் அன்றைக்குக் கட்டையைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் தகரம் விழுந்ததற்கும் ஒரு பெண்ணின் உடம்புக்கும் சம்பந்தம் கிடையாது என்று தெரிந்துகொள்ள எனக்குப் படிப்பு தேவைப்படவில்லை. கங்காணி என்னைப் பார்த்து, "காத்தை யாரு லா தடுக்க முடியும்? தீட்டைத்தான் தடுக்கணும்," என்றார். உன் அப்பா கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். பேக்டரியில் தேயிலை சலிக்கிற மனிதர், தூசியைப் போலவே எங்கே போட்டாலும் அங்கே படிந்துவிடுவார். கோலா தெர்லா வீட்டிலிருந்து ஆள் வரவே இல்லை. அவள் பக்கத்து லயத்தில், தோட்டத்து வரிசை வீடொன்றில் தனியாக, ஆயாக் கொட்டகையில் ஊரார் பிள்ளைகளுக்குப் பால் கரைத்துக்கொண்டு, இத்தனை வருடத்தை ஓட்டிவிட்டாள். அவளை விழ வைத்தவர்களின் பேரப்பிள்ளைகளைத்தான் அந்த இரண்டு விரல் கையால் தூக்கித் தோளில் போட்டுத் தூங்க வைக்கிறாள்.

பிறகு நீ யூனிவர்சிட்டிக்குப் போனாய். ஒரு லீவில் வந்தபோது, சாத்தே இறைச்சி குத்தும் மூங்கில் குச்சிகளும் ரப்பர் வளையங்களும் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தாய். உனக்கு அன்றைக்கு என்ன உற்சாகம்! நான்கு குச்சிகளைச் சதுரமாகக் கட்டி, ஒரு விரலால் பக்கவாட்டில் தள்ளிக் காட்டினாய். சதுரம் சப்பென்று படுத்தது. பிறகு மூலைக்கு மூலை ஒரு குச்சியைச் சாய்வாகக் கட்டினாய். தள்ளினாய், அசையவில்லை. "பாரும்மா, தூண் எல்லாம் மேல இருந்து வர கனத்தைத்தான் தாங்கும். பக்கத்துல இருந்து தள்ளினா அதுக்கு ஒன்னும் தெரியாது. இந்தச் சாய்வுக் குச்சிதான் அந்தத் தள்ளை வாங்கித் தரைக்குக் கொண்டு போகுது," என்றாய். ஒரு கடுதாசித் துண்டை உதட்டுக்குக் கீழே வைத்து ஊதினாய், அது கீழே போகாமல் மேலே எழும்பியது. காற்று கூரையை அமுக்குவதைவிட உறிஞ்சித் தூக்குவதுதான் அதிகம், அதனால்தான் லயத்துத் தகரத்தின் மேல் நாம் கல் வைக்கிறோம் என்றாய். பிறகு நாலு பக்கமும் குச்சி கட்டி, தாம்பாளத்தில் வைத்து, உச்சியில் ஓர் உருளைக்கிழங்கை ஏற்றி, தாம்பாளத்தைச் சட்டென்று இழுத்தாய். அடிப்பக்கம் நகர்ந்தது, உருளைக்கிழங்கு இருந்த இடத்திலேயே இருக்கப் பார்த்தது, நடுவில் இருந்த குச்சிகள் முறிகிற மாதிரி வளைந்தன. பூமி நடுங்கினால் இப்படித்தான், காற்று வெளியிலிருந்து தள்ளும், நடுக்கம் காலடியை இழுக்கும், மேலே எவ்வளவு கனமோ அவ்வளவு ஆபத்து என்றாய். "அப்ப கூரை மேல கல்லை வைக்கிறதா, எடுக்கிறதாடா?" என்று நான் கேட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "இங்க நடுக்கம் எங்கம்மா இருக்கு? கல்லு இருக்கட்டும்."

கடைசியாக நீ செய்ததைத்தான் உனக்கு நினைவூட்ட வேண்டும். குச்சிக் கூட்டின் ஒரே ஒரு பக்கத்துச் சாய்வுக் குச்சியை மட்டும் உருவினாய். மற்ற மூன்று பக்கமும் இருந்தது. தள்ளினாய். கூடு நேராகச் சாயவில்லை, பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டு, குச்சி எடுத்த பக்கமாகச் சரிந்தது. "ஒரு பக்கம்தானேன்னு எடுத்துட்டா இதுதான்," என்றாய். இது உன் வாய் சொன்னது. அப்போது செல்லம்மா எனக்கு மோர் கொண்டு வந்து வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். நாம் பார்க்கவில்லை. "இப்படித்தாண்டா சாஞ்சுச்சு," என்றாள். நீ நிமிர்ந்து பார்த்தாய், கூட்டை மறுபடி நிமிர்த்திக் கட்டினாய். அவளிடம் பழைய மண்டபத்தில் கட்டை எங்கெங்கே இருந்தது, எதெதை எப்போது எடுத்தார்கள் என்று கேட்டாய். அவள் ஒவ்வொரு கல்யாணமாகச் சொல்லச் சொல்ல, நீ ஒவ்வொரு குச்சியாக உருவினாய். கங்காணி வீட்டுக் கல்யாணம், மேளக்காரர், பந்தி, படத் திரை. எல்லாம் போன பிறகு நீ ஊதியது அவ்வளவுதான், கூடு படுத்துக்கொண்டது. அவள் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப நான் இல்லையா?"

தம்பி, அந்தக் கேள்வியை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். ஊர் சொன்னதை அவள் ஒரு நாளும் நம்பியிருக்க மாட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் தங்கை, என் பக்கத்து லயத்தில் இருப்பவள், இத்தனை வருடமும் அந்த மண்டபத்தைத் தன் உடம்புதான் சாய்த்தது என்று நினைத்துக்கொண்டு தினமும் எழுந்து தலை வாரிக்கொண்டிருக்கிறாள். நீ எழுந்து போய் அவளுடைய அந்தக் கையைப் பிடித்தாய். "நீங்க இல்ல சின்னம்மா. கட்டையை வெட்டுனதுதான். நீங்க உள்ள இருந்தாலும் இல்லாட்டியும் அது விழுந்திருக்கும்," என்றாய். அவள் அழுதாள், சிரித்தாள், மோர்ச் செம்பை எங்கே வைத்தோம் என்று தேடினாள். அன்றைக்கு உன்னைப் பெற்றதற்காக எனக்கு இருந்த பெருமையை எழுதிக் காட்ட எனக்குத் தெரியாது.

வேலைக்குச் சேர்ந்த பிறகும் ஒரு தடவை எழுதினாய். சுமத்ராவில் எங்கேயோ பூமி நடுங்கி, கோலாலம்பூரில் உன் அடுக்குமாடி மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியதாம். விளக்கு ஊஞ்சல் ஆடியதாம். நீ சாரோங்கோடு படிக்கட்டில் ஓடி இறங்கினாயாம். இங்கே பாறை மேல் குட்டையாக உட்கார்ந்திருக்கும் எங்கள் லயத்தில் ஒரு டம்ளர்கூட அசையவில்லை. தூரத்து நடுக்கம் மெதுவாக ஆடி வரும், உயரமான கட்டடமும் மெதுவாக ஆடும், இரண்டும் ஒத்துப்போனால் ஆட்டம் கூடும், அடியில் பொதபொதத்த மண் இருந்தால் இன்னும் கூடும் என்று எழுதியிருந்தாய். லிப்டைச் சுற்றியிருக்கும் கான்கிரீட் சுவர்தான் அந்தக் கட்டடத்துக்குச் சாய்வுக் குச்சி, அதுதான் எங்களைக் காப்பாற்றியது, சின்னம்மாவிடம் சொல்லுங்கள் என்று கீழே ஒரு வரி. நான் வாசித்துக் காட்டினேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். "நம்ம மண்டபத்துக் கதை கோலாலம்பூர் வரைக்கும் போயிருக்கு பாரேன்," என்றாள்.

இப்போது நீ, அதே நீ, ஒரு நாள்தானே என்கிறாய். காற்றுக்கு உன் பத்திரிகை அனுப்பி, தேதி கேட்டுக்கொண்டாயா? தை மாதம், அதே மேடு, அதே சந்து. இரும்பு மண்டபம், பழையது போல மரமில்லை என்கிறார் தலைவர். தூண் இரும்பாக இருந்தால் என்ன, சாத்தே குச்சியாக இருந்தால் என்ன, சதுரம் சதுரம்தானே என்று நீதான் எனக்குச் சொல்லித் தந்தாய். உன் மாமனார் மேல் எனக்கு வருத்தமில்லை. ஈப்போவில் கடை வைத்திருக்கிறவர், தன் மகள் கல்யாணம் ஜொலிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார், கம்பி எதற்கென்று அவருக்குத் தெரியாது. வீடியோ பையனுக்கும் தெரியாது. அவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. தெரிந்தவன் நீ ஒருவன்தான், தலையாட்டியவனும் நீதான். கட்டை எதற்கென்று தெரியாமல் வெட்டினவர்களைவிட, தெரிந்துகொண்டே கம்பியைக் கழற்றச் சொன்ன உன்னை நான் எந்த வரிசையில் வைப்பது?

மண்டபம் அன்றைக்கு விழாமலும் இருக்கலாம். காற்று வராமலே போகலாம். எனக்கு அதுதான் இன்னும் பயம். விழாவிட்டால் தலைவர் மைக்கைப் பிடித்து, "பார்த்தீங்களா, கம்பி இல்லாமயே நின்னுச்சு" என்பார். அடுத்த கல்யாணத்துக்கு அடுத்த பக்கத்துக் கம்பி கழலும். என் மகன் கையால் தொடங்கி வைத்தது என்று ஊர் சொல்லும். இன்னொன்றும் சொல்லும். கம்பி தேவையில்லை என்று இஞ்சினியரே சொல்லிவிட்டால், பழைய மண்டபம் எதனால் விழுந்தது? செல்லம்மாவால்தான் விழுந்தது. நீ அன்றைக்குக் கூடத்தில் உட்கார்ந்து கொடுத்த விடுதலையை ஒரு போன் பேச்சில் திருப்பி வாங்கிக்கொண்டாய். தலைவர் உன் பேச்சை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் கோயில் வாசலில், பக்கத்தில்தான் கோலம் துடைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில், "அவன் பெரிய படிப்பு படிச்சவன், சொன்னா சரியாத்தான் இருக்கும் அக்கா," என்றாள். அதன் பிறகு தன் கையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். நான் அந்த நிமிடத்தில் உன்னை வெறுத்தேன். மகனை வெறுத்தேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை, அப்படி நடந்தது.

கல்யாணத்துக்குப் போகிற பிள்ளைக்குப் புத்தி சொல்வது தாயின் வேலை. நான் ஒன்றுதான் சொல்வேன். முதல் பேச்சிலேயே எப்படி முடியாது என்று சொல்வது என்று கேட்டாய். முதல் பேச்சில்தான் சொல்ல வேண்டும். முதல் கட்டையை வெட்டும்போது ஒருவன், ஒரே ஒருவன், கையைப் பிடித்திருந்தால் மற்றவை எல்லாம் நின்றிருக்கும். உன் மாமனாரிடம் நீ சொல்லத் தயங்கியதை அந்தப் பெண்ணிடமாவது சொன்னாயா? அவளும் அவளுடைய தோழிகளும்தான் அந்தக் கூரைக்கு அடியில் உட்காரப் போகிறார்கள். அவளைக் கேட்டால், கோபுரம் இல்லாத மணவறையே போதும் என்று சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தோன்றுகிறது. உன்னிடம் முடியாது என்ற சொல் கிடையாது என்று தெரிந்துகொண்டு ஒரு பெண் உன்னோடு வாழ வருவதைவிட, கல்யாணத்துக்கு முன்பே அவளுக்கு அந்தச் சொல்லைக் கேட்கக் கொடுப்பது மேல். உன் அப்பா ஒருநாளும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. இப்போதும் "கல்யாணம் முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்கிறார். அவரோடு நான் குடித்தனம் நடத்திய களைப்பு எனக்குத்தான் தெரியும். அதை இன்னொருத்தி தலையில் கட்ட நான் சம்மதிக்க மாட்டேன்.

போனில் சொல்லி அனுப்பாதே. நீ சொன்னதாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள், அதனால் நீயே வரவேண்டும். பட்டு வேட்டி கட்டுவதற்கு முன்னால், பழைய சட்டையோடு ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு கம்பியையும் உன் கையால் இறுக்க வேண்டும். கோயில் தலைவரும் உன் மாமனாரும் வீடியோ பையனும் கீழே நின்று பார்க்கட்டும். மணவறை இடித்தால் கோபுரத்தை அறுங்கள், ரசப் பானைக்கு விறகாகும். தாலித் தட்டை ஆசீர்வாதத்துக்குச் சுற்றி எடுத்து வரும்போது முதலில் உன் சின்னம்மாவிடம் கொண்டு போக வேண்டும். இத்தனை வருடமாக இந்த ஊரில் ஒரு கல்யாணத்திலும் அவள் முன்னால் அந்தத் தட்டு நின்றதில்லை. இதெல்லாம் முடியாது என்றால், மாப்பிள்ளையின் தாய் இல்லாத வீடியோவை எடுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு எழுதி முடித்து, லோரி வரும் நேரம் ஆகிவிட்டது என்று அரிசி களையப் போனேன். பானைக்குள் ஏதோ இரும்பு கையில் தட்டுப்பட்டது. பெரிய ஸ்பேனர். கோயில் கமிட்டிக்காரர்கள் கம்பி கழற்றுவதற்காகப் பேக்டரியிலிருந்து வாங்கி வந்து மண்டபத்தில் வைத்திருந்தது. செல்லம்மா அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வேற ஸ்பேனர் கிடைக்காதாடி அவங்களுக்கு?" என்றேன். "கிடைக்கும் அக்கா," என்றாள். "இதுவும் அவனுக்கு வேணும்ல, வந்து முடுக்க. நான் எடுத்துக் குடுக்கிறேன்."

வா. வந்து அந்தக் கையிலிருந்து வாங்கிக்கொள்.

உன் அம்மா